கோலமாவில் போட்ட வீடு

கொச்சி மட்டாஞ்சேரியில் வாங்கிய மனைக்கு நானே பிளான் வரைந்தேன். கணினித் திரையில் பார்த்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: இருவர் இடிக்காமல் நின்று சமைக்க ஓர் அடுக்களை. இத்தனை வருட வாடகை வீடுகளில் அது வாய்க்கவில்லை. அதனால் மழை விட்ட ஒரு ஞாயிறன்று, மனையிலேயே கோலமாவால் முழு அளவில் சுவர்களைப் போட்டேன்.

அப்பா படுக்கையறையில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தார். “மோளே, என் காலு பாத்ரூம்ல கெடக்கு!”

“நல்லதாப் போச்சு, ராத்திரி நடக்க வேண்டாம்,” என்றாள் அம்மா.

பிறகு என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். திரும்பியதும் முழங்கைகள் முட்டின. காலாலேயே அடுக்களைச் சுவரின் கோட்டை அழித்து, ஹாலுக்குள் தள்ளிப் புதிதாக இழுத்தாள்.

“ஐயோ, ஹால் போச்சே!” என்றார் அப்பா.

“டிவி பாக்க அவ்வளவு போதும்.”

இருவரும் கைகளை வீசித் திரும்பினோம், இடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே டேப்பை எடுத்து அந்தச் சுவரை அளந்தேன்.