பவுல்துரை வாயை மூடிய சனிக்கிழமை

சேவூர் பவுல்துரைக்குக் கருத்து இல்லாத விஷயம் உலகத்தில் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால், சொன்னவரைப் பற்றி ஒரு கருத்து வைத்திருப்பார்.

வயது நாற்பத்தேழு. கூடத்தை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நிற்கும் பட்டுத் தறியில் காலை எட்டு மணிக்கு உட்காருவார். மீந்த பட்டு நூலால் போனைத் தறிச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதில் செய்தி விவாதம் ஓடும், இல்லாவிட்டால் கிரிக்கெட். கை கயிற்றை இழுக்கும், நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும், பலகை வந்து இழையை ஒரு தட்டுத் தட்டி நெருக்கும், வாய் தீர்ப்பு வழங்கும். பஸ் ஸ்டாண்டை எங்கே கட்டியிருக்க வேண்டும், எத்தனை சென்டிமீட்டர் மழைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட வேண்டும், ஆறாவது ஆளாக யாரை இறக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கும். மதியம் சாப்பாட்டுக்கு எழுந்ததும் மொத்தத்தையும் நாலு நிமிடக் குரல் பதிவாக்கி, ‘சேவூர் பொதுக்கருத்து’ வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். குழுவில் இருநூற்றுப் பதினாலு பேர். அட்மின் அவர் ஒருவர்தான். பாதிப் பேர் அதை இரட்டை வேகத்தில் வைத்துக் கேட்கிறார்கள் என்பதை அவரிடம் சொல்ல இதுவரை யாருக்கும் மனசு வரவில்லை.

வினை ஒரு வியாழக்கிழமை வந்தது. அன்றைய பதிவு பிள்ளை வளர்ப்பைப் பற்றி.

“பெத்தவங்களே! புள்ளைங்க கையில இருந்து போனைப் புடுங்குங்க! இன்னைக்கிப் புடுங்கலன்னா நாளைக்கு உங்களையே புடுங்கிப் போட்டுடுவாங்க!”

மாவு மில் வைத்திருக்கும் எல்லப்பன், பவுல்துரை கிழக்கு என்றால் மேற்கு என்பவர். அவர் பதிலாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஒரு ரீல்ஸை மட்டும் அனுப்பினார். அதில் பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி தோளில் துண்டு போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இதே போன்ற ஒரு பழைய பதிவுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தாள். குரல் பவுல்துரையுடையது. பெண்ணும் பவுல்துரையுடையவள்தான். டயானா. பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கூடத்தில் பஞ்சாயத்து நடந்தது.

“அரையாண்டுப் பரீட்சை வருது. போனைக் குட்றீ.”

“நீ மட்டும் தறியிலயே போனைக் கட்டி வெச்சிகினு நாளெல்லாம் பேசிகினு இருக்கியேப்பா?”

“அது பொது விஷயம்!”

“சரி, ஒரே ஒரு நாள். சனிக்கிழமை காத்தால ஆறுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் எதப் பத்தியும் கருத்து சொல்லாம இரு. இருந்துட்டா, பரீட்சை முடியற வரைக்கும் போன் அம்மாகிட்ட. தோத்துட்டா, உனக்குப் பதிலா குரூப்புக்கு எல்லப்பன் மாமா அட்மின்.”

பவுல்துரை மகளை முறைத்தார். எல்லப்பனா? ஆனாலும் மகளின் கணக்குப் பாட மார்க்கை நினைத்துக்கொண்டார். தலையாட்டினார்.

நடுவராக அம்மா ரீனா. நூல் சுற்றிக்கொண்டே சட்டத்தைச் சொன்னாள். “வாயும் கூடாது, விரலும் கூடாது. கட்டை விரல் பொம்மை போட்டாலும் அவுட்டுதாங்க.”

சனிக்கிழமை விடிந்தது. டீக்கடையில் எல்லப்பன் முன்கூட்டியே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

“வா பவுலு. நேத்து ஒரு சொட்டு மழை இல்ல, ஸ்கூலுக்கு லீவு வுட்டாங்க. என்னக் கேட்டா, மாசம் பூரா வுடலாம். நீ இன்னா சொல்ற?”

பவுல்துரை கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு வெந்தது. ஒரு விதத்தில் அது உதவியாகவே இருந்தது.

“பையனுங்க படிச்சி இன்னா ஆவப் போவுது? ரீல்ஸ் போட்டா நல்லா வருவானுங்க. இன்னா பவுலு?”

“தம்பி, பன்னு ஒண்ணு குடு” என்றார் பவுல்துரை கடைக்காரரிடம். வாயில் எதையாவது அடைத்தாக வேண்டியிருந்தது.

பத்து மணிக்குக் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வந்தது. ‘பிள்ளைகளை அடித்து வளர்க்கலாமா? ஆம். இல்லை. பவுல்துரை அண்ணன் சொல்வதே சரி.’ யார் கைவேலை என்று கேட்கவே வேண்டாம். சமையலறையில் டயானா சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது பதிலுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. பவுல்துரையின் விரல் திரைக்கு மேலே கொக்கு மாதிரி நின்றது. ரீனா கனைத்தாள். விரலை இழுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மதியம் ஒன்றே முக்காலுக்கு இந்தியா ஆட்டம், வெளிநாட்டில். தறியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். கேட்ச் ஒன்று கையிலிருந்து நழுவியது. பவுல்துரை உதட்டைக் கடித்தார். பலகை மட்டும் ‘டமார்’ என்றது. ஒருவன் ரன் அவுட் ஆனான், மறுபடியும் டமார். கடைசி மூன்று ஓவருக்கு முப்பது ரன் வேண்டும் என்கிற நேரத்தில், அடித்து ஆடுகிறவனை உட்கார வைத்துவிட்டுக் கட்டை போடுகிறவனைக் கேப்டன் இறக்கினான். டமார், டமார், டமார். தெருவில் போன நாய் ஓரமாக ஒதுங்கிப் போனது. ஐந்தேகாலுக்கு இந்தியா தோற்றது. பவுல்துரை மட்டும் தோற்கவில்லை. ஆறு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஜெயித்தவரைப் போல நாற்காலியில் சாய்ந்தார்.

ஐந்து நாற்பதுக்கு எல்லப்பன் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். டயானா தறிக்கு அடியில் குனிந்து, நெய்த துணிக்குப் பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்தாள்.

“அம்மா, இங்க வந்து பாரேன்.”

மயில்கழுத்து நிறப் புடவை. காலையில் நெய்த பகுதி வெளிச்சத்தில் ஒரே சீராகத் தெரிந்தது. மதியத்துக்கு மேல் நெய்த பகுதியில் இருட்டுப் பட்டைகள் குறுக்கே ஓடின. வேகமாக அடித்த இடத்திலெல்லாம் இழைகள் இறுகி, வெளிச்சம் நுழையாமல் நின்றது.

டயானா துணியில் விரலை வைத்து ஒவ்வொரு பட்டையாகக் காட்டினாள். “இது கேட்ச் வுட்டது. இது ரன் அவுட். இதோ இருக்குதே இம்மாம் பெரிய பட்டை, இது கேப்டன். எல்லாத்துக்கும் கருத்து சொல்லியிருக்காரும்மா. வாயால சொல்லல, அவ்ளோதான்.”

எல்லப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யோவ் பவுலு! புடவையில வாய்ஸ் மெசேஜ் போட்ட ஒரே ஆளு நீதாய்யா!”

ரீனா புடவையைத் தடவிப் பார்த்தாள். பட்டைகள் கொசுவத்துக்குள் மறைந்துவிடும் இடத்தில்தான் இருந்தன; பிழைத்தது. “வாயும் விரலும்தான் கணக்குன்னு சொன்னேன். பலகை கணக்குல இல்ல” என்று தீர்ப்பைத் தொடங்கினாள்.

இன்னும் பத்தே நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பவுல்துரை ஜெயித்திருப்பார். ஆனால் எல்லப்பன் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை விட்டார். “என்னக் கேட்டா, கேப்டன் செஞ்சது கரெக்ட்டு.”

“இன்னாய்யா கரெக்ட்டு?” பவுல்துரை நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். “மூணு ஓவருக்கு முப்பது ரன்னு! அந்த நேரத்துல கட்டை போடறவன இறக்குவானா எவனாச்சும்? காலையில இருந்து பேஜாரு பண்ணிகினு... லீவு வுட்டது தப்பு! பஸ் ஸ்டாண்டு தப்பு! நீ போட்ற டீசர்ட்டே தப்பு!”

ஐந்து ஐம்பத்திரண்டு. ரீனா ஒற்றை விரலைத் தூக்கினாள்.

அட்மின் ஆன எல்லப்பன் முதல் காரியமாக, இனி அட்மின் மட்டுமே பதிவு போடலாம் என்று மாற்றிவிட்டார். இருநூற்றுப் பதினாலு பேருக்கும் அமைதி கிடைத்தது.

ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் டயானா போனோடு வந்து நின்றாள். “அப்பா, மேட்ச் பத்தி ஏதாச்சும் சொல்லேன். ஜல்தியா, ஒரு நிமிஷம். புது ரீல்ஸ் கேக்கறாங்க.”

பவுல்துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். தனக்கு ஒரு கிராக்கி இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. 

“பரீட்சை முடியட்டும்” என்றார்.

திங்கள் அவர் பேசவில்லை. செவ்வாய் தங்க விலையைப் பற்றி இரண்டு விவாதம் ஓடியது, பேசவில்லை. பலகையைக்கூடப் பூப்போல இழுத்தார். டயானா அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைத் தானே வைத்துப் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். கமெண்டில் ‘பவுல்துரை அங்கிள் நலமா’ என்று நாற்பது பேர் கேட்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை அவள் போனைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாள். “பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே குடுத்துடணும். அன்னிக்கே அப்பா பேசணும்.”

ரீனா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி திரும்பிய சத்தம் அடங்குவதற்குள் பவுல்துரை தொண்டையைச் செருமிக்கொண்டார். சனிக்கிழமையிலிருந்து சேர்த்து வைத்த சரக்கு: லீவு, கேப்டன், தங்க விலை, எல்லப்பன், எல்லப்பன், மறுபடியும் எல்லப்பன். ஒரு மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை.

டயானா கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். காதில் மாட்டிக்கொள்ளக்கூட ஒன்றுமில்லை.

“அம்மா,” என்றாள் மெதுவாக, “இவரை ரெண்டு மடங்கு ஸ்பீடுல வைக்க முடியாதா?”