ஜானிஸ் பார்க்காத படம்

இங்கிலாந்தின் பேட்லி ஊர் மெத்தைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடமாகத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் ஜானிஸ் ஓல்ட்ராய்டுக்கு, சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எழுதுகிறவர்களில் பெரும்பாலோரைக் கண்டால் ஆகாது. ஹீரோவுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காகவே அவன் மனைவியைச் சாகடிக்கிற ஒருவரைப் பற்றி, "அந்தாளுக்குப் பொம்பளைன்னா தீக்குச்சி. உரசிட்டுத் தூக்கிப் போட்டுடுவான்" என்பாள். செத்தவனை ஆறே மாதத்தில் எழுப்பிக் கூட்டிவருகிறவர் இன்னொருவர். ஜேப்படித் திருடனைக்கூடப் பேராசிரியர்போலப் பேசவைக்கிறவர் வேறொருவர். எல்லோருக்கும் அவளிடம் ஒரு திட்டு இருந்தது.

அவள் திட்டிலிருந்து தப்பித்தவர் ரெட்ஃபர்ன் ஒருவர்தான். கொதிகலன் வெடித்ததில் உடம்பு புகையாகிப்போன ஆலைத் தொழிலாளி ஒருவனின் கதையை 'புகைமனிதன்' என்று எழுதியவர். அதைப் படித்தபோது ஜானிஸுக்கு இருபது வயது. தன் தெருவையும் தன் அப்பாவின் இருமலையும் யாரோ வரைந்து காட்டியதாக அவளுக்குத் தோன்றியது.

1988இல் அதைப் படமாக எடுத்தார்கள். ரெட்ஃபர்ன் தன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். "இதற்கு டிக்கெட் வாங்குகிற ஒவ்வொருவரும் என் முகத்தில் துப்புகிறார்" என்று ஒரு பேட்டியில் சீறினார். ஜானிஸ் அந்தப் பேட்டியைக் கத்தரித்துச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினாள். படத்துக்குப் போகவில்லை.

படம் இரண்டே வாரத்தில் சுருண்டது. பிறகு வீடியோவில் வந்து மெல்லப் பிடித்துக்கொண்டது. தியேட்டரில் மறுபடி போட்டபோது ரசிகர்கள் எண்ணெய்க் கறை படிந்த ஆலை உடுப்போடு வந்து, திரையில் ஆள் வாயைத் திறக்கும் முன்பே வசனத்தைச் சொன்னார்கள். முன்வரிசையில் எப்போதும் பெவ் சக்டன் இருப்பாள். ஜானிஸின் பள்ளித் தோழி. அதே தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரம். இருவரும் சேர்ந்து ஒரு ரசிகர் பத்திரிகை நடத்தினார்கள். நகலெடுத்து நடுவில் பின் குத்திய இருபத்துநான்கு பக்கம். அதில் பெவ் படத்தைக் கொண்டாடுவாள், அடுத்த பக்கத்திலேயே ஜானிஸ் கிழித்துத் தொங்கவிடுவாள். வாசகர்கள் அந்தச் சண்டைக்காகவே வாங்கினார்கள்.

ஜானிஸ் படத்தைப் பார்த்ததே இல்லை என்பது யாருக்கும் தெரியாது. அடுத்தவர்கள் எழுதியதையும் புகைப்படங்களையும் வைத்தே ஒப்பேற்றினாள். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. நாளாக ஆக, உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

2007இல் பெவ்வின் கணவன் கெவின் வேலையிடத்திலேயே மாரடைப்பில் போனான். மூன்று வாரம் கழித்து பெவ் தனியாகப் பக்கத்து நகரமான லீட்ஸுக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த மாத இதழில் ஜானிஸ் எழுதினாள்: 'ரப்பர் சட்டை போட்ட ஹீரோவைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறவர்களுக்குச் சொந்தத் துக்கம் என்று ஒன்று இல்லை போலும்.' வேஷம் கட்டி வரும் இளவட்டங்களை நினைத்துத்தான் எழுதினாள். பெவ் அதைப் படித்தாள். மறுநாள் மேற்பார்வையாளரிடம் சொல்லி இயந்திரத்தை மாற்றிக்கொண்டாள். இரண்டு தெரு தள்ளி வீடு. பதினாறு வருடம் பேச்சு இல்லை. பத்திரிகையும் நின்றது.

போன இலையுதிர் காலத்தில் படத்தின் முப்பத்தைந்தாவது ஆண்டுக் காட்சி லீட்ஸில் நடந்தது. ரெட்ஃபர்னே வருகிறார் என்றார்கள். மேடையில் அவர் படத்தைக் கிழிக்கப்போகிறார், அப்போது தான் அங்கே இருக்க வேண்டும் என்று ஜானிஸ் கிளம்பினாள்.

எழுபத்தெட்டு வயதுக் கிழவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "போன குளிர்காலத்துலதான் முதல் தடவையா பார்த்தேன். என் பொண்ணு போட்டுக் காட்டினா. சும்மா சொல்லக்கூடாது, நான் எழுதின முடிவைவிட அந்த முடிவு நல்லாருக்கு. அப்ப ஒப்பந்தத் தகராறு. வயித்தெரிச்சல்ல என்னென்னமோ பேசிட்டேன்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஜானிஸ் எழவில்லை.

கையெழுத்து வரிசையில் அவள் முறை வந்தது. "நீங்க பார்க்கக்கூடாதுன்னு சொன்னீங்க. நான் இன்னிவரைக்கும் பார்க்கல" என்றாள்.

கிழவர் பேனாவைக் கீழே வைத்தார். "முப்பத்தஞ்சு வருஷமாவா? எனக்காகவா?"

"ஆமா."

"ஐயோ, நான் உங்களைக் கேக்கவே இல்லையேம்மா." அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளை இன்னும் குறுகவைத்தது.

கடைசி வரிசையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தாள். பாதிக்கு மேல் குப்பை. ரப்பர் சட்டை மடிந்து மடிந்து பல்லிளித்தது. நடுவில் ஓர் இடம். செத்தவனின் மனைவி மேசையில் இரண்டு தட்டு வைக்கிறாள். பிறகு ஒன்றை எடுத்துக் கழுவுகிறாள், அழுக்கே இல்லாத தட்டை. கூட்டத்தில் யாரும் அங்கே வசனம் சொல்லவில்லை. ஜானிஸுக்கு 2007இல் தான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெவ்வின் கதவைத் தட்டினாள். பெவ் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"படம் பார்த்தேன் பெவ். நேத்துதான். இத்தனை நாளும் பாக்காமத்தான் எழுதினேன்."

பெவ் கதவை விடாமல் பிடித்துக்கொண்டாள். "படம் மட்டம்னு நீ எழுதினதுக்கா பேசாம இருந்தேன்? அதை நீ இருபது வருஷமா எழுதிட்டுத்தான இருந்த?"

"தெரியும். அந்த ஒரு வரி..."

"பெரியவர் மாத்திச் சொன்னாராமே. முகநூல்ல பாத்தேன். அவர் சொல்லலைன்னா வந்திருப்பியாடி?"

வந்திருப்பேன் என்று ஜானிஸால் சொல்ல முடியவில்லை. பெவ் கதவைச் சாத்தினாள்.

மூன்றாம் நாள் ஜானிஸ் ரசிகர்களின் முகநூல் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினாள்: பார்க்காமலே எழுதியது, 2007இல் எழுதிய வரி, அது கணவனை இழந்த ஒரு தோழியைச் சுட்டது என்பது. பெவ்வின் பெயரை மட்டும் போடவில்லை. ஒரே நாளில் நானூறு பேர் பதில் போட்டார்கள். புளுகினி என்றார்கள், காறித் துப்பினார்கள். அவள் ஒவ்வொன்றையும் படித்தாள். எதற்கும் மறுமொழி எழுதவில்லை.

அடுத்த வாரம் தெருமுனைக் கடையில் பால் எடுக்கும்போது எதிரே பெவ் வந்தாள். வழக்கமாக அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடுகிறவள், அன்று நின்றாள்.

"செம்ம கிழி கிழிச்சிருக்காங்க உன்னை."

"கிழிக்கட்டும்."

"நல்லா வேணும் உனக்கு" என்றாள் பெவ். பால் பாட்டிலை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் காசு கட்டப் போனாள்.