காது கேளாத மேதையும் மில் ஃபிட்டரும்

சிங்காநல்லூரில் ஒரு காதுப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காது மெஷின் மாட்டக் கூச்சப்படுகிறவர்களுக்கு நான் ஒரு இசை மேதையின் கதையைச் சொல்வது வழக்கம். ஐரோப்பாக்காரர். முப்பது வயது ஆகும் முன்பே அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. ஊதுகுழல் மாதிரி ஒன்றைக் காதில் வைத்துப் பார்த்தார். கடைசியில், பேச வருகிறவர்கள் நோட்டில் எழுதிக் காட்டவேண்டியதாயிற்று. அந்த நிலையில்தான் தன் மாபெரும் சிம்பொனியை எழுதினார். அரங்கேற்றத்தன்று கைதட்டல் கேட்காமல் நின்றவரை ஒரு பாடகி சபைப் பக்கம் திருப்பி நிறுத்தினாராம். இதைக் கேட்டதும் பலர் கண்கலங்கி மெஷினுக்குச் சம்மதித்துவிடுவார்கள்.

போன வருடம் ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர் ஒருவரை அவர் மனைவி இழுத்துக்கொண்டு வந்தார். ஸ்பின்னிங் மெஷின்களின் இரைச்சலில் அவர் காது போயிருந்தது. தொண்டை வலிக்க அவருக்கும் கதையைக் கத்திச் சொன்னேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது.

"காதே கேக்காம அத்தன செஞ்சாருங்களா? அப்பறம் மோட்டர் போடறதுக்கும் பேப்பர் படிக்கறதுக்கும் எனக்கெதுக்குங்க அம்மணி மெஷினு?" என்று எழுந்து போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து மனைவி மட்டும் வந்தார்.

"என்னங்க அம்மணி இப்படிச் சொல்லிப்போட்டீங்க? இவரு ஒரு நோட்டு வாங்கியாந்து, எதுன்னாலும் எழுதிக் காட்டோணுங்கறாரு. பருப்பு பொங்குது, அடுப்ப அணைங்கன்னு நான் எழுதி முடிக்கறதுக்குள்ள அது தீஞ்சே போச்சுங்க. அதுல எழுத்துப் பிழை வேற திருத்தறாரு!"

மன்னிப்புக் கேட்பதைத் தவிர என்னால் வேறென்ன செய்ய முடியும்?

அடுத்த மாதம் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அவர் கையில் செல்போன்.

"நீங்க சொன்ன சிம்பொனியப் பாத்தனுங்க. நல்லாத்தான் மொழங்குது. ஆனா கடைசிப் பாகத்துல, ஆளாளுக்கு வயலின வெச்சுட்டு வில்ல இழு இழுன்னு இழுக்கறாங்க, சத்தமே வரலைங்க. போனு ரிப்பேருன்னு கடையில குடுத்தா, அதெல்லாம் நல்லாத்தான் கேக்குதுங்கறாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த சிம்பொனியின் புகழ்பெற்ற மெட்டு முதன்முதலாக எழும் இடம் அது. முணுமுணுப்பு போலத்தான் தொடங்கும். அவரை உட்காரவைத்து, மெஷினை மாட்டி, அதே இடத்திலிருந்து ஓடவிட்டேன்.

முதலில் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு அசையவில்லை. அந்த மெட்டு மெல்ல ஏறி, மற்ற வாத்தியங்களும் வந்து சேரும்வரை வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இத அந்த மனுசன் கேக்கவே இல்லீங்களா?"

"இல்லைங்க. மனசுக்குள்ள மட்டுந்தான் கேட்டிருப்பாரு."

"பாவமுங்க," என்றவர், பிறகு மெஷினைக் கழற்றவே விடவில்லை.

மனைவி என் பக்கம் குனிந்து கேட்டார்: "அவருக்குச் சம்சாரம் இல்லீங்களா?"

"கல்யாணமே பண்ணிக்கலைங்க."

"அதானே பாத்தேன்," என்றார் அந்த அம்மாள். "ஊட்டுல ஒருத்தி இருந்திருந்தா அத்தன எழுத உட்டிருப்பாளா?"

"கேக்குது, கேக்குது," என்றார் ஃபிட்டர்.