417 இருக்குதுங்க

காங்கேயத்தில் மாடுகளுக்குப் பதிவுச் சான்று தரும் ஒரு சிறிய அலுவலகத்தில், கணினித் திரையின் மேல் விளிம்பில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். சிவப்பு மையில் ஒரே ஓர் எண், 417. முதல் தடவை பார்த்தபோது கடவுச்சொல் என்று நினைத்துவிட்டேன். இப்படியா ஊரே பார்க்க ஒட்டிவைப்பது என்று, அங்கே பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மணியைக் கடிந்துகொண்டேன். அவர் சிரித்தார்.

அந்த அலுவலகத்துக்குக் கோபோல் என்ற பழைய கணினி மொழியில் நிரல் எழுதிக் கொடுத்தவன் நான். கோபோலில் பதிவுகள் இருக்கும் கோப்பைத் தொடும்போதெல்லாம் இரண்டு இலக்கத்தில் ஒரு குறி திரும்பி வரும். 00 என்றால் எல்லாம் சரி. 23 என்றால் தேடிய பதிவு இல்லை. 35 என்றால் அந்தக் கோப்பே இல்லை. மாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று, 00 தவிர எது வந்தாலும் ‘பதிவு இல்லை’ என்று திரையில் காட்டும்படி எழுதிவைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மாட்டுக் கண்காட்சி நாளன்று ஒரு விவசாயி காளைக்குச் சான்று வாங்க வந்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்குள் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் காளையைக் களத்தில் விடமாட்டார்கள். எண்ணைத் தட்டினால் ‘பதிவு இல்லை’. அம்மணி ஆர்.எஸ்.புரத்தில் வீட்டில் இருந்த என்னைப் போனில் அழைத்தார். பதியாத மாட்டை ஓட்டிக்கொண்டு வந்திருப்பார், கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

ஐந்தே நிமிடத்தில் மறுபடி அழைப்பு. எடுத்ததுமே எரிந்து விழுந்தேன். அவர் குரலில் துளிக் கோபமில்லை.

“ஏனுங்க சார், சந்தேகத்துக்கு 417 போட்டுப் பாத்தனுங்க. அதையும் இல்லீங்குதுங்க. அது எங்க ஊட்டு மயிலைப் பசுங்க. காத்தால நாந்தானுங்க பால் கறந்துபோட்டு வந்தேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் அலுவலகத்துக்கு வந்து நகல் எடுக்கும்போது கோப்பின் பெயரை மாற்றியவன், திரும்ப மாற்ற மறந்திருந்தேன். வந்த குறி 35. அதை மறைத்துவிட்டு என் நிரல் பழியைக் காளைமேல் போட்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல அம்மணி பெயரைத் திருத்தினார். சான்று அச்சாகி வந்தபோது பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருந்தது. மாட்டுக்காரரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன்.

“அவருகிட்ட நான் பதிவு இல்லைன்னே சொல்லலீங்க. மோர் குடுத்து உக்கார வெச்சிருக்கறனுங்க” என்றார்.

காளை பரிசு ஒன்றும் வாங்கவில்லை. ஆனாலும் களத்தில் ஜம்மென்று நின்றதாம். அந்த வாரமே ஒவ்வொரு குறிக்கும் அதனதன் செய்தியை எண்ணோடு காட்டும்படி நிரலைத் திருத்தினேன். அம்மணி பேசுகிற தமிழையே ஆங்கில எழுத்தில், ‘ங்க’ போட்டு.

போன மாதம் நிரலைப் புதிய கணினிக்கு மாற்றப் போயிருந்தேன். இறந்த மாடுகளை நீக்கச் சொல்லி ஒரு பட்டியல் தந்தார்கள். அதில் 417உம் இருந்தது. மயிலை போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அம்மணி வெளுத்துப்போன சீட்டைப் பழைய திரையிலிருந்து கிழியாமல் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஒரு வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, புதிய கணினியில் முதல் வேலையாக 417ஐத் தட்டினேன்.

‘00. இருக்குதுங்க.’

அம்மணி சீட்டைப் புதிய திரையில் ஒட்டினார்.