விஷம் பூசிய செடிகள்

இன்று பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை வந்தது. என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. ராஜபாளையத்தில், இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட கல்லூரிக் கட்டடத்தின் மாடியறையிலும் இதே வாசனைதான். அம்மா அங்கே தாவரவியல் ஆசிரியை. மலையடிவாரத்தில் பறித்த செடிகளைச் செய்தித்தாள்களுக்கு இடையே அழுத்தி உலர்த்தி, பூச்சி அரிக்காமலிருக்கப் பாதரச விஷம் பூசி, அட்டையில் ஒட்டுவாள். பள்ளி விட்டு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நான் அந்த அறையின் நடுவில் எதிலும் உரசாமல் நிற்க வேண்டும்.

"ஏட்டி, கையப் பின்னால கட்டு. அம்புட்டும் விஷம்" என்பாள், தலை நிமிராமல்.

தாள் பறக்குமென்று மின்விசிறி போட மாட்டாள். பிரஷ் இழையும் சத்தமும், அலமாரிக்கடியில் செத்துக் கிடக்கும் பல்லியும், மூக்கு அரித்தாலும் சொறியப் பயந்து நிற்கும் நானுமாக அந்த மாலைகள் நீளும். வீட்டுக்கு வந்ததும் அம்மா முழங்கைவரை சோப்பு போட்டுத் தேய்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், மறுபடி தேய்ப்பாள். அப்புறமும் எனக்குக் கரண்டியால்தான் சோறு ஊட்டுவாள்.

ஒருநாள், "உன் கையால ஊட்டும்மா" என்றேன்.

அம்மா தன் விரல்களைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, என்னைப் போலவே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.