குதிகாலில் இரண்டு தட்டு

போன மாதம் என் மகளைக் கராத்தே வகுப்பில் சேர்க்கப் போயிருந்தேன். சிதம்பரம் தெற்கு வீதியில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடியில் நடக்கிறது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு பாரத்தை என் பக்கம் திருப்பி வைத்து, "பர்சனல் கிளாஸா, குரூப்பா மேடம்?" என்று கேட்டாள். டீயா காபியா என்று கேட்பது மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் அந்தப் பாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈர சிமெண்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாசனை. மகள் என் கையைக் கிள்ளி, "அம்மா, கேக்கறாங்கல்ல?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன். நாற்பத்தைந்து வயதில் ஒரு பாரத்துக்குப் பயந்து படியிறங்கியவளை நினைத்து நீங்கள் சிரிக்கலாம். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அது நல்ல வேலைதான். என் குரல்தான் பிரச்சினை. இரண்டடி தள்ளி நிற்பவருக்குக் கேட்காது. புடவையின் விலையை நான் மூன்று முறை சொன்ன பிறகும் வாடிக்கையாளர் பக்கத்துப் பெண்ணிடம் கேட்பார். கடை மேனேஜர் ஒரு நாள் எல்லார் முன்னாலும், "நீ கஸ்டமர்கிட்ட பேசறியா, துணிகிட்ட பேசறியா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு மதியம் சாப்பிடும்போது, என்னோடு ரவிக்கைத் துணிப் பிரிவில் நின்ற ராணி சொன்னாள். "கராத்தேல சேருடி. அங்க கத்தறதுதான் பாதி வேல."

சேர்ந்தேன். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் முப்பது பேர். என்னைத் தவிர எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இருப்பதிலேயே உயரமான பையன் என் தோள் வரை வருவான். குத்தும்போது வயிற்றிலிருந்து கத்த வேண்டும். முப்பது பேரும் கத்த, என் வாய் மட்டும் திறந்து மூடும். ஒரு வாண்டு என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க கத்துனா கொசுகூட எழுந்து போவாது" என்றது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடியாக நின்று பத்து முறை குத்து, தடுப்பு பழகியதும் மாஸ்டர் "இடம் மாறு" என்பார். எல்லாரும் ஒரு அடி வலது பக்கம் நகர, எதிரே வேறு ஆள் வந்துவிடும். ஒரே ஆளோடு பழகினால் அவருடைய தப்பெல்லாம் நம் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்பார் மாஸ்டர். எனக்கு அது தண்டனையாக இருந்தது. ஒருவரிடம் வெட்கம் தெளிவதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார்.

அங்கே மாஸ்டருக்கு உதவியாக அமுதா இருந்தாள். தேவனாம்பட்டினத்துப் பெண். என்னைவிட ஒரு வயது மூத்தவள். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடங்களைச் சொல்லிக்கொடுப்பாள். ஒரு நாள் நான் சைக்கிளை எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"புதன்கெழம உனக்குக் கட லீவுதானே? எங்க ஊருக்கு வா. தனியா சொல்லித் தரேன்."

"மாஸ்டர் திட்ட மாட்டாரா?"

"அத நான் சொல்லிக்கறேன். அங்க நீ கத்துனா கேக்கறதுக்கு ஒரு ஆளு இருக்காது."

எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

சுனாமி அலை வந்து போய் இரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம். மீன் ஏலம் விடுகிற கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். காலையில் அங்கே நிற்க இடம் இருக்காது. உச்சி வெயிலில் ஈ காக்கை கிடையாது. தரையைக் கழுவி பிளீச்சிங் பவுடர் தூவியிருப்பார்கள். மூலையில் காலி ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாத மீன் செதில்கள் தரையில் அங்கங்கே மின்னும். கடல் சத்தம் வெளியிலிருந்து வராமல் கூரைத் தகரத்திலிருந்து இறங்குகிற மாதிரி இருக்கும்.

முதல் நாளே எனக்கு ஒரு வெள்ளைச் சீருடை கொடுத்தாள். "உன்னுது டைட்டா இருக்கு. இதப் போட்டுக்க." பாச்சை உருண்டை வாசனை அடித்தது. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட வேண்டியிருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு ஒரு கேள்வி கேட்க ஒரு வாரம் ஆகும். அதற்குள் கேள்வியே மறந்துவிடும்.

கராத்தேயில் கட்டா என்று ஒன்று உண்டு. எதிரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு குத்தி, தடுத்து, திரும்பி, தனியாகச் செய்வது. அமுதா எனக்கு ஒரே ஒரு கட்டாவைத்தான் சொல்லித் தந்தாள். முதல் நாள் ஒரு முறை செய்து காட்டியதோடு சரி. அதற்குப் பிறகு எப்போதும் எனக்குப் பின்னால்தான் நின்றாள். எண்ணிக்கை மட்டும் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். பத்து முறை முடிந்ததும் "இடம் மாறு" என்பாள். நான் ஒரு அடி வலது பக்கம் நகர்வேன். இரண்டே பேர் இருக்கிற இடத்தில் யாருக்காக இடம் மாறுகிறோம் என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நான்காவது புதன்கிழமை சிரிப்பு வரவில்லை. நகர்ந்த பிறகு, நான் விட்டுவந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

குரல் வந்துவிட்டது. அதை மறைக்கக் கூடாது. அந்தக் கொட்டகையில் நான் கத்தினால் தகரம் அதிரும். கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் கனத்த குரலாக அது திரும்பி வரும். கடையில் மேனேஜர், "மெதுவாப் பேசும்மா" என்று சொல்லும் காலமும் வந்தது. ராணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

குரலோடு இன்னொன்றும் வந்தது. கட்டாவின் கடைசித் திருப்பத்துக்கு முன்னால் என் இடது குதிகால் தரையில் இரண்டு தரம் தட்டும். நானாகத் தட்டவில்லை. தட்டிய பிறகுதான் எனக்கே தெரியும். அமுதா அதைத் திருத்தவில்லை. தட்டும் இடம் வரும்போது எண்ணுவதை நிறுத்திவிட்டு, தட்டிய பிறகு தொடர்வாள்.

ஒரு புதன்கிழமை நான் அந்தத் திருப்பத்துக்கு வந்தேன். குதிகால் தட்டியது. கொட்டகை வாசலிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"டேய், கொழம்பு ஆறுது. துன்னுட்டு வந்து ஆடேன்."

திரும்பப் போனேன். அமுதா பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள். "திரும்பாத. செஞ்சிகிட்டே இரு."

செய்தேன். முதுகில் வெயில் படுவது மாதிரி இரண்டு கண்கள் இருந்தன. முடித்துத் திரும்பியபோது வாசலில் யாரும் இல்லை.

அமுதா ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து சொன்னாள். வந்தது அவள் அம்மா. அமுதாவுக்கு ஒரு அண்ணன் இருந்தான். அவளுக்குக் கராத்தே கற்றுத் தந்தவன் அவன்தான், இதே கொட்டகையில், தனியாக. மணலில் பழகியவன் என்பதால், திரும்புவதற்கு முன் காலில் ஒட்டிய மணலை உதிர்க்கக் குதிகாலை இரண்டு தரம் தட்டுவான். சிமெண்டுத் தரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அலை வந்த ஞாயிற்றுக்கிழமை காலை படகைப் பார்க்கப் போனவன் திரும்பி வரவில்லை. சீருடை அவனுடையது.

அடுத்த வாரத்திலிருந்து அந்த அம்மா வெளிப்படையாகவே வந்தார்கள். வாசலில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களே சொன்னார்கள்.

"எம் புள்ள செத்துட்டான்னு எனக்குத் தெரியும் கண்ணு. நீ பொம்பளப்புள்ளன்னும் தெரியும். பைத்தியம்னு நெனைக்காத. முதுவ மட்டும் காட்டு. போதும்."

எப்படி மாட்டேன் என்று சொல்வது? காட்டினேன். எத்தனை புதன்கிழமை என்று எண்ணவில்லை. ஆனால் அந்தத் தட்டு கொட்டகைக்குள் நிற்கவில்லை. கடையில் ரவிக்கைத் துணி எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பும்போது தட்டியது. வீட்டில் குடத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது தட்டியது. "எவன்டி அது கதவத் தட்டறது?" என்று என் அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். ஒரு புதன்கிழமை, கட்டாவை முடித்து இரண்டு காலையும் சேர்த்து நின்ற பிறகும் அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. அமுதா பக்கம் திரும்பினேன். அவள் அசையாமல் நின்றிருந்தாள்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"எது?" என்றாள். ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது.

பெல்ட் டெஸ்ட் சிதம்பரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சைக்காரர் என் கட்டாவைப் பார்த்தார். திரும்பச் செய்யச் சொன்னார். மூன்றாம் முறை குனிந்து என் காலையே பார்த்தார்.

"தனியாக் கத்துக்கிட்டியா?"

"ஆமாம் சார்."

"சொல்லிக் கொடுத்தவங்க காலு இது. உன் காலு இல்ல. பத்துப் பேரோட சேந்து நில்லு, பத்து நாள்ல போயிடும். அப்புறம் வா."

திரும்பும் பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. அமுதா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"குரூப்புக்குப் போயிடாதடி."

"ஃபெயில் போட்டுட்டாங்களே, அமுதா."

"அண்ணன் மூஞ்சி எனக்கு ஞாபகத்துல இல்ல. போட்டோல இருக்கறது வேற யாரோ மாரி இருக்கு. கொரலும் போயிடுச்சு. அந்தக் காலு மட்டும்தான் மிச்சம். நான் செய்யறத நானே பாக்க முடியாதில்ல? உன் முதுவுலதான் பாக்கறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சரி என்று சொல்லியிருப்பேன். கடலூர் வரும்வரை என் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் நின்றது. இறங்க எழுந்து திரும்பியபோது குதிகால் பஸ் தரையில் இரண்டு தரம் தட்டியது. அவள் உடனே கீழே பார்த்தாள். ஆசையோடு பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் முழுசாக வந்தது. என் காலை நான் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றேன். அமுதா அன்றைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. முப்பது பேரின் கால்கள் ஒன்றாகத் திரும்ப, என் கால் தாமதித்தால் பின்னால் நிற்கிற பையன் என் மேல் மோதுவான். "அக்கா, எதுக்கு நிக்கறீங்க? திரும்புங்க!" எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, கால் தட்டாமல் திரும்பியது. யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் பாரம் இறங்கியது போல இருந்தது. கூடவே, எதையோ தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளை போலவும் இருந்தது.

சீருடையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்க ஒரு புதன்கிழமை போனேன். கொட்டகையில் இரண்டு பேரும் இருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. முதுகைக் காட்டி நின்று கட்டாவைச் செய்தேன். திருப்பம் வந்ததும் வேண்டுமென்றே இரண்டு தரம் தட்டினேன். சத்தம் சரியாகத்தான் கேட்டது.

"போதும்மா" என்றார்கள் அந்த அம்மா. அதுவரை கண்ணு என்று கூப்பிட்டவர்கள். "வெயில்ல வந்திருக்க. தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பு."

அமுதா எழுந்தாள். "இரு. நான் செய்யறேன். பின்னாடி நின்னு என் காலப் பாரு. அவன்கிட்ட நேரா கத்துக்கிட்டவ நான்தானே? என்கிட்ட இருக்குமில்ல?"

முதல் நாளுக்குப் பிறகு அவள் அந்தக் கட்டாவைச் செய்து நான் பார்த்ததில்லை. அழகாகச் செய்தாள். கடைசித் திருப்பம் வந்தது. அவளுடைய இடது கால் தண்ணீரில் வழுக்குவது போலச் சத்தமில்லாமல் திரும்பியது. தட்டவில்லை. தட்டும் எண்ணம்கூட அந்தக் காலில் இல்லை. அப்படியானால் எனக்கு அது எங்கேயிருந்து வந்தது? நான் அவள் அண்ணனைப் பார்த்ததே இல்லையே.

"இருக்கா?" என்றாள், மூச்சு வாங்க.

"இருக்கு" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தட்டு. அப்படியே இருக்கு."

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். காது நன்றாகக் கேட்கிறவர்கள். கூடையை இழுத்து மகளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். "இன்னொரு தரம் ஆடு" என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த பிறகு, அந்த அம்மா போய்ச் சேர்ந்ததை யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு அமுதா காரைக்கால் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாளாம். கொட்டகையை இடித்து வேறு கட்டியிருக்கிறார்கள். கடைசிவரை புதன்கிழமை தவறாமல் மகள் ஆட, அம்மா பின்னால் உட்கார்ந்து பார்த்தார்களாம். அத்தனை புதன்கிழமையும் என்னத்தைப் பார்த்தார்கள்? என்னிடம் மட்டும் வந்து தங்கியிருந்ததை, முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்று நான் உதிர்த்துவிட்டேன். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதை அவர்கள் இரண்டு பேரும் கடைசிவரை வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.