முதலாம் பிரிவிலை கடைசி மட்ச்

ரீவியிலை ஏதாவதொரு வெளிநாட்டு உதைபந்தாட்டக் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கப் போகுதெண்டால், அந்த மனேச்சருக்கு முதல் எனக்குத்தான் நித்திரை கெடும். ஆரை இறக்கவேணும், ஆரை இருத்தவேணும் எண்டு சோபாவிலை சாய்ஞ்சபடி கட்டளை போடுவன். "முதல் நீங்கள் எழும்பி அந்த காஸ் சிலிண்டரை மாத்துங்கோ" எண்டு மனுசி சொல்லுவா. இந்த வருத்தம் எனக்குப் பத்து வயசிலை பெரியப்பாவாலை தொத்தினது.

பெரியப்பா புத்தூரிலை எங்கடை ஊர்க் கழகத்துக்கு மனேச்சர். சம்பளம் கிடையாது, ஏச்சு தாராளமாக் கிடைக்கும். அந்த வருசம் கழகம் முதலாம் பிரிவின்ரை அடியிலை கிடந்தது. கடைசி மட்சைச் சமன் செய்தாலே தப்பலாம். தோத்தால் இரண்டாம் பிரிவு. முதலாம் பிரிவு மட்ச் எல்லாம் யாழ்ப்பாண ரவுணிலை. இரண்டாம் பிரிவெண்டால் பக்கத்து ஊரவையோடை, ஒழுங்கையாலை சைக்கிளிலை போய் வாற தூரத்திலை. எனக்கு அது செத்துப்போறதிலும் பெரிய அவமானம்.

அதுக்கு முந்தின மட்சுக்குப் போகேக்கை, ரவுணுக்குப் போற றோட்டிலை, ஆமிச் சென்றியிலை துவக்கோடை நிண்டவங்கள் எங்கடை மினிபஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கினவங்கள். திருப்பி ஏறேக்கை, கோல் காக்கிற எங்கடை கோலி மட்டும் ஏறேல்லை. விசாரிச்சிட்டு விடுவம் எண்டவங்களாம். விடேல்லை. அவன்ரை அம்மா ஒவ்வொரு நாளும் விடிய வெள்ளன அந்தச் சென்றியடியிலை போய் நிண்டிட்டு வருவா. எனக்கிருந்த கவலை வேறை: கோலி இல்லாமல் எப்பிடித் தப்பிறது?

கடைசி மட்சுக்கு அடம்பிடிச்சு நானும் போனன். இடைவேளைக்கு முதல் அண்ணை, அதுதான் பெரியப்பாவின்ரை மகன், ஒரு கோல் போட்டார். எனக்குத் தலைகால் தெரியேல்லை. இடைவேளையிலை பெரியப்பா அண்ணையைக் கூப்பிட்டார்.

"நீ இனி இரு."

"ஏனப்பா? எனக்கொண்டும் இல்லையே!"

"இரு எண்டால் இரு."

பின்னாலை மறிச்சு விளையாடின கெட்டிக்காரனையும் இருத்திப்போட்டு, கழகத்தின்ரை பொருளாளரை இறக்கினார். அந்த மனுசன் ஓடினதை அதுவரைக்கும் ஒருத்தரும் கண்டதில்லை. அண்டைக்கும் காணேல்லை.

கரையிலை நிண்ட எங்கடை சனம் கத்தத் தொடங்கிச்சுது.

"மனேச்சருக்கு விசரடா!"

"உந்தாளைப் பிடிச்சுக் கட்டுங்கோடா!"

நான் மெல்ல அரக்கிப் போய், அவர் வேறை ஆற்றையோ பெரியப்பா எண்ட மாதிரி நிண்டன். கோல் வரிசையா விழுந்தது. ஒவ்வொரு கோலுக்கும் பெரியப்பா லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைச்சார்.

திரும்பி வரேக்கையும் சென்றியிலை இறக்கி ஏத்தினவங்கள். பெரியப்பா மிதிபலகையிலை நிண்டு, ஏறின ஒவ்வொருத்தற்றை தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். தோத்த ஆக்களை எண்ணி என்ன பிரியோசனம் எண்டு எனக்கு எரிச்சல்.

வீட்டை வந்த உடனை அண்ணை சப்பாத்தை மூலைக்கு எறிஞ்சார். "இனிச் செத்தாலும் உங்களோடை கதைக்க மாட்டன்!"

"ஓம், கதைக்காதை. கதைக்காமல் வீட்டிலை இரு" எண்டார் பெரியப்பா.

அடுத்தநாள் விடிய, விளையாடின பெடியளின்ரை அம்மாமார் ஒவ்வொருத்தரா வந்தினம். ஒருத்தி முருங்கைக்காயோடை, ஒருத்தி முட்டையோடை, இன்னொருத்தி உயிர்ச் சேவலோடை. ஒருத்தரும் மட்சைப் பற்றி வாய் திறக்கேல்லை. பெரியம்மாவின்ரை கையைப் பிடிச்சு அழுதிச்சினம். கழகத்தின்ரை செத்தவீட்டுக்குத்தான் வந்திருக்கினம் எண்டு நினைச்சன்.

கடைசியாக் கோலியின்ரை அம்மா வந்தா. கையிலை ஒண்டும் இல்லை. படலையைத் திறக்காமல் வெளியிலையே நிண்டா.

"போன வருசமே தோத்திருக்கலாமே, தம்பி" எண்டா பெரியப்பாவைப் பார்த்து.

பெரியப்பா திரும்பவும் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைச்சார். எனக்கெண்டால் உள்ளுக்குள்ளை சிரிப்பு. பந்தடியைப் பற்றி இந்த மனுசிக்கு என்ன தெரியும்?